கோட்டோரில் விட்ட கப்பல்

உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா எனக்குச் சொல்ல வராதுங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி? வேண்டாமா. சரி விடுங்க. கோவத்தோட வந்தவங்களுக்குத் தண்ணி எறங்காது.

நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதே இல்லைங்க. கேட்டைத் தள்ளிக்கிட்டு வரும்போதே தெரிஞ்சுபோச்சு. அதே மூக்கு, அதே நெத்தி. மங்கையர்க்கரசி அம்மாவோட பையன் நவநீதன். சேலத்துல பேங்க்ல வேலை. கப்பல்ல அம்மா உங்களைப் பத்திப் பேசாத நாளே கெடையாதுங்க. காபியில சர்க்கரை போடலைன்னா குடிக்க மாட்டீங்கங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும்.

என்ற பேரு அர்த்தநாரி. அது தெரிஞ்சுதானே சேலத்துலருந்து திருச்செங்கோடு வரைக்கும் வந்து, பட்டறைக்காரங்ககிட்டயெல்லாம் விசாரிச்சு, இந்த வீட்டைக் கண்டுபிடிச்சிருக்கீங்க.

நீங்க கேக்க வந்ததை நானே சொல்லிடறேன். டூர்ல போன அத்தனை பேரும் நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிட்டாங்க. ஒரு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் மட்டும் திரும்பலை. அந்தப் பொம்பளை உங்க அம்மா. ஆம்பளை நானு. கப்பல் எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. ராத்திரி அந்த ஊர்லயே தங்கினோம். இதைத்தானுங்க வாட்ஸப்புல போட்டு ஆளாளுக்குப் பேசறாங்க? எனக்கும் காதுக்கு வந்துச்சு. தப்பு எம்மேல தம்பி. முழுக்க எம்மேல. அதை முதல்லயே சொல்லிடறேன். இனி நடந்ததைக் கேளுங்க. கேட்டுட்டு என்ன திட்டணுமோ திட்டுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.

நான் ரிக் வண்டிக்காரனுங்க. தண்ணிக்குப் போர் போடற வண்டி. மீசை மொளைக்கறதுக்கு முன்னால வண்டியில ஏறினவன். ராஜஸ்தான், பீகார், மத்தியப் பிரதேசம்னு போகாத ஊரில்லை. பொங்கலுக்கும் நோம்பிக்கும்தான் வீடு. வீட்டுல பாவாயி. என்ற சம்சாரம். எங்கம்மாவைப் பாத்துக்கிட்டு, பொண்ணை வளத்துக்கிட்டு, ரெண்டு எருமையையும் பாத்துக்கிட்டு இருந்தா. வண்டியையெல்லாம் வித்துட்டு நான் வீட்டோட வந்து உக்காந்தேன். அவ போன வருஷம் போயிட்டா. காய்ச்சல்னு படுத்தவ. அதை இப்பப் பேச வேண்டாம்.

பொண்ணு சுகந்தி பெங்களூர்ல இருக்கா. அவதான் இந்தக் கப்பல் டூருக்குப் பேரைக் குடுத்துட்டா. 'அப்பா, நீங்க டிவி முன்னாடி உக்காந்தே கெடக்கறது சரியில்லை, போயிட்டு வாங்க'ன்னா. பாவாயி இருக்கும்போது எங்கயும் கூட்டிக்கிட்டுப் போகலை, இப்ப நான் மட்டும் கப்பல்ல போய் என்னத்தைப் பாக்கறதுன்னு சொன்னேன். சொன்னேனே தவிர, போனேன். அதுவும் ஒரு தப்புதான். எழுதிக்கோங்க அதையும்.

கப்பல்ல சாப்பாட்டு மேசையிலதான் உங்க அம்மா பழக்கம். அவங்க கூட வந்த சிநேகிதி விஜயா அம்மா, ஏறின மொத நாளே தலை சுத்திப் படுத்துட்டாங்க. உங்க அம்மா தனியா வந்து உக்காந்தாங்க. நானும் தனியா. எனக்குத் தயிர் எதுன்னு தெரியாம எதையோ ஒரு வெள்ளையா ஊத்திக்கிட்டு வந்துட்டேன். இனிப்பா இருந்துச்சு, சோத்தோட பெசஞ்சுட்டேன். அவங்க பாத்தாங்க. சிரிக்கலைங்க. எந்திரிச்சுப் போய் வேற கிண்ணத்துல புளிச்ச தயிரு வாங்கிக்கிட்டு வந்து முன்னால வெச்சுட்டு, அவங்க பாட்டுக்குச் சாப்பிட்டாங்க. அவ்வளவுதானுங்க பழக்கம். நீங்க நெனைக்கற மாதிரி ஒண்ணுமில்லை.

கப்பல் எங்களை விட்டுட்டுப் போன அந்த வெளிநாட்டு ஊர் பேரு கோட்டோர். நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாரும் கோட்டூருன்னே சொல்லிக்கிட்டிருந்தோம். கடல் மலைக்குள்ள பூந்து போகுதுங்க, ரெண்டு பக்கமும் மலை. கப்பல் மெதுவ்வா, மாட்டு வண்டி சந்துல திரும்பற மாதிரி திரும்பித் திரும்பிப் போகுது. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. நான் கல்லைப் பாத்தேன். சுண்ணாம்புப் பாறை. நம்மூரு கருங்கல்லு மாதிரி இல்லை, உள்ளே பொத்தல் பொத்தலா இருக்கும். இதுல போர் போட்டா பாறையைக் கொடையற பிட்டு எங்க மாட்டும், எங்க எறங்கும்னு நெனைச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல உங்க அம்மா. 'என்ன பாக்கறீங்க'ன்னு கேட்டாங்க. சொன்னேன். 'அப்படியா'ன்னாங்க. அந்த 'அப்படியா'வை நெசமாத்தான் கேட்டாங்க தம்பி. பேச்சுக்குக் கேக்கறவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

ஊரைச் சுத்திக் கோட்டைச் சுவரு. எழுநூறு, எண்ணூறு வருஷத்துச் சுவராம். அது ஊரைச் சுத்திட்டு அப்படியே மலைமேல ஏறிப் போகுது, பாம்பு ஏறின மாதிரி. உள்ளே காரு, பைக்கு எதுவும் கெடையாது. கல்லுத் தரை, கல்லு வீடு, சந்து சந்தா. நடந்து நடந்து தேஞ்சு, தரை எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். உள்ள போனதும் ஒரு மைதானம், மணிக்கூண்டு. மணிக்கூண்டுக்கு முன்னால கூம்பு மாதிரி ஒரு கல்லு. தப்புப் பண்ணினவனை அதுல கட்டி வெப்பாங்களாம், ஊரே வந்து பாத்துட்டுப் போகுமாம். எங்க டூர் மேனேஜர் ஹேமா சொல்லுச்சு. உடனே எங்க ஆளுங்க எல்லாரும் அந்தக் கல்லுல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் நின்னேன். பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு நிக்கறேன் பாருங்க அந்தப் போட்டோவுல.

பொறவு எல்லாரும் மலைக்கோட்டைக்கு ஏறக் கெளம்பினாங்க. எனக்கு முட்டி ஒத்துக்காது. உங்க அம்மாவும் படியைப் பாத்துட்டு வரலைன்னுட்டாங்க. 'அங்கிள், ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் கீழயே சுத்திப் பாருங்க, அஞ்சு மணிக்குக் கடல் பக்கத்து வாசலுக்கு வந்துடுங்க, லேட் பண்ணினா கப்பல் நிக்காது'ன்னு ஹேமா சொல்லிட்டுத்தான் போச்சு. தெளிவாச் சொல்லுச்சு தம்பி. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை.

அந்த ஊர்ல பூனைங்க. எங்க பாத்தாலும் பூனை. கடைவாசல்ல, ஜன்னல்ல, கெணத்து மேல. உங்க அம்மா ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு, 'சாப்பிட்டியாடி, ஏன் எளைச்சுப் போயிட்டே'ன்னு தமிழ்ல கேட்டுக்கிட்டே வந்தாங்க. நான் முன்னால நடப்பேன், திரும்பிப் பாத்தா ஆளு இருக்காது. பின்னால எங்கயாவது ஒரு பூனைகிட்ட குந்தியிருப்பாங்க. எந்தச் சந்துல போனாலும் சுத்திச் சுத்தி அதே மைதானத்துக்கு வருது. மூணாவது தடவையும் அதே மணிக்கூண்டு வந்தப்போ நாங்க ரெண்டு பேருமே சிரிச்சுட்டோம். நல்ல சத்தமா. ஒரு வீட்டு ஜன்னல்லருந்து ஒரு அம்மா எட்டிப் பாத்துட்டு அவங்களும் சிரிச்சாங்க.

பாவாயி போனதுக்கு அப்பறம் நான் சத்தம் போட்டுச் சிரிச்சது அப்பத்தானுங்க. சிரிச்சு முடிச்சதும் சுருக்குன்னு ஆச்சு.

ஒரு சின்ன சர்ச்சு இருந்துச்சு. உள்ளே ரெண்டு பலிபீடம். ஒரே கோயில்ல ரெண்டு எதுக்குன்னு மெழுகுவத்தி விக்கற அம்மாகிட்ட உங்க அம்மா இங்கிலீஷ்ல கேட்டு எனக்குச் சொன்னாங்க. ஒரு காலத்துல ரெண்டு பிரிவுக்காரங்களுக்கும் அந்த ஒரே கோயில்தானாம். அவங்கவங்களுக்கு ஒரு பீடம். சண்டையில்லாம கும்பிட்டாங்களாம். எங்கூரு மலைமேல சாமியே பாதி ஆம்பளை பாதி பொம்பளை, அந்தச் சாமி பேருதான் எனக்குன்னேன். உங்க அம்மா என்னைப் பாத்தாங்க. 'அந்தப் பேரை வெச்சுக்கிட்டா வீட்டுக்காரியை விட்டுட்டு ஊர் ஊராச் சுத்துனீங்க?'

வெளையாட்டாத்தான் கேட்டாங்க.

அப்படியே நடந்து ஊரோட தென்கோடிக்கு வந்துட்டோம். அங்கயும் ஒரு வாசல், ஒரு பாலம். பாலத்துக்குக் கீழ மலை அடியிலருந்து தண்ணி வருதுங்க. முந்தின நாள் நல்ல மழை போல. பாறைக்குள்ளருந்து குபுகுபுன்னு, பச்சையா, சில்லுன்னு. அப்படியே கடல்ல போய்ச் சேருது. நான் நின்னுட்டேன். ஆயுசு பூரா பாறையைக் கொடைஞ்சு தண்ணி தேடினவன் நானு. இங்கே தானா வருது, யாரும் ஏன்னு கேக்கலை. ஒரு கல்லு மேல உக்காந்தேன். உங்க அம்மாவும் கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்க. தள்ளித்தானுங்க.

'போர் போடும்போது தண்ணி வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்?' இது உங்க அம்மா கேட்ட கேள்வி.

தம்பி, நான் எத்தனை ஊருல எத்தனை போர் போட்டிருப்பேன். யாரும் என்னைக் கேட்டதில்லைங்க. எத்தனை அடி, எவ்வளவு ரேட்டு, அவ்வளவுதான் கேப்பாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சேன். மொதல்ல பாறைத் தூளு புகையா வரும், வெள்ளையா, மேல பூரா மாவு கொட்டின மாதிரி ஆயிடும். சுத்தி நிக்கற சனம் வாயைப் பொத்திக்கிட்டு குழியையே பாத்துக்கிட்டிருக்கும். தண்ணிக்கிட்ட போனா புகை நிக்கும். சத்தம் மாறும், கணீர்னு அடிக்கறது மொத்தையா அடிக்கும். ஈர வாசனை வரும். அந்த ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டாங்க. சில ஊர்ல தண்ணி வந்ததும் பொம்பளைங்க வந்து வண்டிக்குப் பொட்டு வெப்பாங்க. சில ஊர்ல புகையோடவே முடிஞ்சிடும். அப்ப அந்த வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்க முடியாது, பைப்பைக் கழட்டறதுக்குள்ள உசிரு போயிடும். எல்லாத்தையும் சொன்னேன். உங்க அம்மா கேட்டாங்க. நடுவுல நடுவுல கேள்வி கேட்டாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தேன்.

பொறவு அவங்க அவங்க வேலையைச் சொன்னாங்க. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் குடுக்கற வேலை. மூணு நிமிஷம் ஆச்சுன்னா குறுக்க வந்து சொல்லணுமாம். கடிகாரத்தைப் பாத்துப் பாத்து, போகப் போகப் பாக்காமயே நேரம் தெரிய ஆரம்பிச்சிடுச்சாம். 'இன்னைக்கும் அடுப்புல பாலை வெச்சா எனக்குக் கடிகாரம் வேண்டியதில்லை'ன்னாங்க. ஆச்சரியமா இருந்துச்சு எனக்கு.

'அப்ப உங்க திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க போன் நெறைய வரும்'னாங்க. வடக்கே எங்கருந்தோ போன் போட்டு, வீட்டுக்குக் குடுங்கம்பாங்க. இவங்க போட்டுக் குடுப்பாங்க. லைன் சரியா இருக்கான்னு கொஞ்ச நேரம் காதுல வெச்சிருக்கணுமாம். 'எல்லாப் போனும் ஒரே மாதிரிதான் இருக்கும்ங்க. ஆம்பளை பேசிக்கிட்டே இருப்பாரு. டீசல் இவ்வளவு, பணம் இன்னாருகிட்ட குடுத்தனுப்பறேன், மாட்டை வித்துடு. அந்தப் பக்கம் பொம்பளைக் குரல் ம், ம்னு மட்டும் கேக்கும். மூணு நிமிஷம்னு நான் சொன்னதும் வெச்சுடுவாங்க. அந்தப் பொம்பளைங்க என்ன சொல்ல நெனைச்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை.'

சும்மா அவங்க வேலைக் கதையைத்தான் சொன்னாங்க தம்பி. என்னைக் குத்தணும்னு இல்லை. என்னோட போனையும் அவங்க போட்டுக் குடுத்திருக்கலாம், போடாமயும் இருந்திருக்கலாம். ஆனா எனக்குக் கேட்டுச்சு. பாவாயியோட 'ம்' கேட்டுச்சுங்க. எங்க வீட்டுல போன் கெடையாது, பக்கத்து அரிசி மில்லுக்குக் கூப்பிடுவேன். அவ ஓடி வருவா, மூச்சு வாங்கும். அந்த மூச்சு எனக்குக் கேக்கும். மெதுவா வான்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? டீசல் வெலை சொன்னேன். எத்தனை அடி எறங்குச்சுன்னு சொன்னேன். ம், ம். வீட்டோட வந்து உக்காந்த அப்பறமும் அப்படித்தான் இருந்தேன், என்னத்தைப் பேசறதுன்னு தெரியலை. அவளும் கேக்கலை, நானும் கேக்கலை. இங்கே ஒரு மத்தியானத்துல, யாரோ ஒரு அம்மாகிட்ட, அவகிட்ட மொத்தமாப் பேசினதைவிட அதிகமாப் பேசிட்டேன். அதை நெனைச்சதும் என்னால எந்திரிக்க முடியலைங்க.

கப்பல் சங்கு ஊதுச்சு. மலையில பட்டு ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு.

இப்பத்தான் நீங்க கேக்க வந்த இடம். கேளுங்க. எனக்கு நேரம் தெரியலை, அந்த ஊரு நேரத்துக்கு வாச்சு மாத்தி வெக்கலைன்னு ஹேமாகிட்ட சொன்னேன். சுகந்திகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பொய். வாச்சைப் பாத்தேன் தம்பி. அந்த நிமிஷம் எந்திரிச்சு வெரசா நடந்திருந்தா வாசலுக்குப் போயிருக்கலாம். ஊரே இம்மாத்தூண்டு ஊரு. நான் சட்டைக் கையை இழுத்து வாச்சு மேல விட்டுக்கிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. எந்திரிச்சா அது முடிஞ்சுபோயிடும். கப்பலுக்குப் போனா நான் மறுபடியும் தனியா டிவி பாக்கற ஆளு. இன்னும் சித்த நேரம், இன்னும் சித்த நேரம்னு... அவ்வளவுதானுங்க. உங்க அம்மா பேரு கெடும்னோ, சேலத்துல ஒரு பையன் கெடந்து தவிப்பான்னோ ஒண்ணும் யோசிக்கலை. சுயநலம்.

அவங்க கையிலயும் வாச்சு இருந்துச்சு. ஆனா பாவம், அவங்க அதைப் பாக்கவே இல்லை. தண்ணியையே பாத்துக்கிட்டு, என்னை நம்பி உக்காந்திருந்தாங்க. மறுபடி சங்கு ஊதினப்போ, 'அது வேற கப்பலா இருக்கும்ங்க'ன்னாங்க. துறையில வேற கப்பலே இல்லை தம்பி. அவ்வளவு வெள்ளந்தி அவங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன்.

கடல் வாசலுக்கு வந்தப்போ கப்பல் திரும்பிப் போய்க்கிட்டிருந்துச்சு. அவ்வளவு பெரிய கப்பல், சத்தமே இல்லாமப் போகுது. உங்க அம்மா, 'போயிடுச்சுங்களே'ன்னாங்க. சொல்லிட்டு சிரிச்சாங்க. அதிர்ச்சியில சில பேருக்கு அப்படிச் சிரிப்பு வரும், நான் பாத்திருக்கேன்.

துறைமுகத்துல கப்பல்காரங்க ஏஜென்ட் ஒருத்தரு நின்னுக்கிட்டிருந்தாரு, கையில எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டு. இது அவங்களுக்குப் பழக்கம் போல. கோவிக்கக்கூட இல்லை. காலையில பஸ் புடிச்சா பக்கத்து நாட்டுத் துறைமுகத்துல கப்பலைப் புடிச்சிடலாம்னாரு. கோட்டைக்குள்ள ஒரு வயசான அம்மா வீட்டுல தங்க ஏற்பாடு பண்ணினாரு. 'ஹஸ்பண்ட், வைஃப், ஒன் ரூம்?'னாரு. நான் வேர்த்துப்போய் நிக்கறேன். உங்க அம்மா நிமுந்து, எக்ஸ்சேஞ்சுல பேசின குரலு போல, 'டூ ரூம்ஸ் ப்ளீஸ்'னாங்க. ரெண்டு ரூம் தம்பி. அவங்களுக்கு மாடியில, எனக்குக் கீழ சமையக்கட்டுக்குப் பக்கத்துல. அந்த வீட்டம்மா ரொட்டியும் தக்காளியும் குடுத்தாங்க, சாப்பிட்டோம். அவங்க மேல போயிட்டாங்க, நான் கீழ படுத்தேன். சாமி சத்தியமா அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் இருக்கு. ஏஜென்ட் அவரு போனைக் குடுத்தாரு, வீட்டுக்குச் சொல்லிடுங்கன்னு. உங்க அம்மா கையில வாங்கினாங்க, நம்பரைக்கூட அழுத்தினாங்க. பொறவு நிறுத்திட்டாங்க. 'இப்பச் சொன்னா பயந்துடுவான், காலையில பேசிக்கலாம்'னாங்க. அதுக்குள்ள ஹேமா உங்களுக்குப் போன் பண்ணிடும்னு எங்களுக்குத் தோணலை. அம்மாவைக் காணோம்னு கேட்டு, அங்கே யாரைக் கேக்கறதுன்னு தெரியாம... உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்ப நெனைச்சாலும்... நான் சொல்லியிருக்கணும். 'பேசுங்கம்மா, பையன் தவிச்சுப்போவான்'னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். பொண்ணைப் பெத்தவன்தானே நானும். சொல்லலை. அதுக்கு நீங்க என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

காலையில பஸ்ல போயிக் கப்பலைப் புடிச்சோம். ஏறும்போது எங்க குரூப்புல பாதிப் பேரு கை தட்டுனாங்க. மீதிப் பேரு உங்க அம்மாவை மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. பெருந்துறைக்காரரு ஒருத்தரு, 'என்னங்க, தேன்நிலவெல்லாம் முடிஞ்சுதா'ன்னு கேட்டுட்டு எல்லாரையும் பாத்துச் சிரிச்சாரு. எங்க வண்டியில யாராவது அப்படிப் பேசியிருந்தா எறக்கி விட்டுட்டுப் போயிருப்பேன். அங்கே வாயை மூடிக்கிட்டு நின்னேன். ஏதாவது சொன்னா இன்னும் பெருசாகும்னு.

அப்பத்தான் நான் ஒரு முடிவு பண்ணினேன். அவங்க பேரு என்னால கெடக்கூடாது. அதுக்கப்பறம் சாப்பாட்டுக்கு அவங்க வர்றதுக்கு முன்னாலயே போயிட்டு வந்துடுவேன். அவங்க அந்தப் பக்கம் வந்தா நான் இந்தப் பக்கம். ஒரு தடவை லிஃப்டுல ஏறுனாங்க, நான் எறங்கிட்டேன். அவங்க எதோ கேக்க வாயெடுத்தாங்க. நாலு பேரு இருந்தாங்க, அதனால நான் காதுல விழாத மாதிரி வந்துட்டேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல பொட்டிக்கு நிக்கறோம். பெருந்துறைக்காரரும் நிக்கறாரு. உங்க அம்மா நேரா என்கிட்ட வந்தாங்க. 'போயிட்டு வர்றேங்க'ன்னாங்க. நான் தள்ளுவண்டி எடுக்கப் போற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். திரும்பினவன் திரும்பிப் பாக்கவே இல்லை. அவங்க நன்மைக்குத்தானுங்க. மத்ததெல்லாம் தப்பாப் பண்ணினேன், இது ஒண்ணாவது சரியாப் பண்ணினோம்னு நெனைச்சேன்.

அவ்வளவுதான் தம்பி. இனி நான் சேலம் பக்கமே வர மாட்டேன். போன் நம்பர்கூட என்கிட்ட இல்லை, பஸ்ல அவங்க நம்பர் எழுதிக் குடுத்த சீட்டைக்கூட ஏர்போர்ட்டுலயே போட்டுட்டு... என்ன?

என்ன சொன்னீங்க?

இல்ல, சரியாக் கேக்கலை. கப்பலை விட்டதுக்குக் கோவமில்லையா? நீங்க அதுக்குத்தானே...

அன்னைக்குத் தவிச்சது வாஸ்தவம், ஆனா அம்மாகிட்ட பேசினப்பவே அது போயிடுச்சுங்கறீங்க. சரி. அப்பறம் எதுக்கு இம்புட்டுத் தூரம்?

ஏர்போர்ட்டுல நடந்ததுக்கா?

ஏர்போர்ட்டுல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டதுக்கா தம்பி?

அவங்களே சொன்னாங்களா. வந்ததுலருந்து சரியாச் சாப்பிடலையா. நீங்க கேட்டுக் கேட்டு, கடைசியில, 'அந்த மனுசர் என்னை அசிங்கம்னு நெனைச்சுட்டாருடா'ன்னாங்களா.

ஐயோ. அசிங்கமா? அவங்களையா? நான் எங்கங்க அப்படி... தம்பி, நான் அவங்க பேரைக் காப்பாத்தத்தான்... இல்ல. இருங்க. நீங்க சொல்றது சரிதான். நாலு பேரு பாக்க வந்து ஒருத்தி 'போயிட்டு வர்றேன்'னு சொல்றா. கேட்டவன் திரும்பிக்கறான். பாக்கறவன் என்ன நெனைப்பான்? தப்பு நடந்திருக்குன்னுதான் நெனைப்பான். அவங்க பேருல நானே மண்ணை வாரிப் போட்டிருக்கேன். பெருந்துறைக்காரருக்குப் பயந்துட்டேன் தம்பி. அவங்க பயப்படலை. அவங்க நடந்து வந்தாங்க, அத்தனை பேரு முன்னால. நான்தான் பயந்தேன். இதுக்குப் போய் அவங்க நன்மைன்னு பேரு வெச்சுக்கிட்டு, இத்தனை நாளா...

என்னது, அதை வேற சொன்னாங்களா? அவங்களுக்கும் நேரம் தெரியுமாமா? வேணும்னே எந்திரிக்கலையாமா? இல்லைங்க, இல்லைங்க. நம்பாதீங்க. அது எனக்காகச் சொல்றது. எம்மேல பழி வந்துடக்கூடாதுன்னு அவங்க மேல போட்டுக்கறாங்க. அப்படிப்பட்டவங்க அவங்க. எதுக்குச் சிரிக்கறீங்க? நெசமாத்தான் சொல்றேன், அவங்க வாச்சையே பாக்கலை.

சரி, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க. கடுதாசி எழுதட்டுமா? போன்ல பேசினா சரியா இருக்காது. நேர்ல வந்துதான் சொல்லணும். நாளைக்கே வர்றேன், நீங்க வீட்டுல இருக்கும்போதே வர்றேன், உங்க முன்னாலயே...

எங்க?

வெளியிலயா? உங்க காருலயா இருக்காங்க?

என்ன தம்பி நீங்க! நான் பாட்டுக்கு உக்காந்து ஊருக் கதையெல்லாம் பேசிக்கிட்டிருக்கேன், இத்தனை நேரமா அவங்களை வெயில்ல உக்கார வெச்சுட்டு... ஏசி போட்டிருக்கா? அவங்களே வரலைன்னாங்களா? நீ முதல்ல போய்ப் பேசு, கோவமாப் பேசாதேன்னாங்களா. வந்த வேலையை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி.

இந்தச் சட்டையா போட்டிருக்கேன், காலரெல்லாம் நைஞ்சு. மாத்திக்கிட்டு வரட்டுமா? வேண்டாம். உள்ளே போனா கட்டில்ல உக்காந்துடுவேன், என்னை எனக்குத் தெரியும். செருப்பு எங்க? இதோ இருக்கு.

இல்ல தம்பி, நீங்க வர வேண்டாம், உக்காருங்க. நான் மட்டும் போறேன். அவங்க என்னைத் திட்டணும்ல. மகனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படி மனசாரத் திட்டுவாங்க?